பிளக்கில் வைத்த பொட்டு

போன ஆயுத பூஜை அன்று நம் ஷெட்டுக்கு வயசான ஒரு அம்மா வந்தாரே, நினைவிருக்கிறதா? வாசலில் நின்ற டாக்ஸியின் பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். வைத்துவிட்டுச் சும்மா போகவில்லை. "தொறங்கண்ணே, உள்ள பாக்கணும்" என்று என்னிடம் சொல்லி, இன்ஜினுக்குள் தலையை நீட்டி ஒவ்வொரு பிளக்காகத் தடவிப் பார்த்தார். நீங்கள் எல்லாரும் அப்போது ஷெட்டுக்குப் புதுசு. உங்களில் ரெண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். ஒருத்தர், "யாரு மேஸ்திரி இது, பிரேக் இன்ஸ்பெக்டரா?" என்று வேறு கேட்டீர்கள். அன்றைக்கு வந்த கோபத்துக்குக் கையிலிருந்த ஸ்பேனரை விட்டெறிந்திருப்பேன். நல்ல நாளும் அதுவுமாக வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

அடுத்த பூஜை நெருங்குகிறது. அதற்குள் அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷமாக நான் இதை முழுசாக யாரிடமும் சொன்னதில்லை. நான் பண்ணிய கூத்து அப்படி. வேறு காரணம் இல்லை.

எனக்கு அப்போது இருபத்தாறு வயசு. யுத்தம் முடிந்துவிட்டது, பெட்ரோலுக்கு ரேஷன் கூப்பன் மட்டும் முடியவில்லை. அருப்புக்கோட்டையில் பருத்தி அரைவை ஆலை வைத்திருந்த ஒரு முதலாளியிடம் நான் மேஸ்திரி. ரெண்டு லாரி, ஒரு கார், மூன்றும் என் பொறுப்பு. லாரியை எவன் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்வான். கார்தான் என் மானம்.

அது சாதாரணக் கார் இல்லை தம்பிகளா. எட்டு சிலிண்டர், எட்டும் ஒரே வரிசை. மலை எஸ்டேட்டில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் பந்தயத்தில் ஓட்டிய வண்டி. அவர் ஊருக்குக் கப்பலேறும்போது முதலாளி வாங்கிவிட்டார். ஸ்டார்ட் செய்தால் தெருவில் தறிச் சத்தம் நின்று, நெய்கிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். முதலாளி டிரைவர் வைத்துக்கொள்ளவில்லை. செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் போட்டுவிட்டு வெறுங்காலால் மிதிப்பார். ஊர் எல்லையைத் தாண்டிவிட்டால் அந்தக் காலுக்குப் பேய் பிடித்துவிடும்.

பிளக் விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். வேகமாக விரட்டுகிற இன்ஜினுக்குச் சூட்டைச் சீக்கிரம் வெளியே விடுகிற பிளக் வேண்டும். அதைக் குளிர்ந்த பிளக் என்போம். உருட்டிக்கொண்டு போகிற வண்டிக்குச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிற பிளக் வேண்டும். அது சூடான பிளக். மெதுவாகப் போகிற வண்டியில் குளிர்ந்ததைப் போட்டால் கரி பிடித்து நின்றுவிடும். விரட்டுகிற வண்டியில் சூடானதைப் போட்டால் அது கங்காகப் பழுத்து, நேரம் வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்து, பிஸ்டனையே ஓட்டை போட்டுவிடும். திருகு மறை பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துப் பிளக் வாங்குகிறவன் மெக்கானிக் இல்லை. ஓட்டுகிறவர் காலைப் பார்த்து வாங்க வேண்டும்.

கூப்பன் காலத்தில் முதலாளி பெட்ரோலை மிச்சம் பிடித்து உருட்டிக்கொண்டுதான் போவார். அதனால் நான் சூடான பிளக்கையே போட்டு வைத்திருந்தேன். அந்த வருஷம் பூஜைக்கு ஒரு வாரம் முன்னால் என்னைக் கூப்பிட்டார்.

"மேஸ்திரி, விஜயதசமிக்குப் பரளச்சி போறோம். நம்ம காட்டுல பழைய கெணத்த ஆழமா வெட்டப் பூசை போடுறாக. பெட்ரோலு சேத்து வச்சிருக்கேன். அன்னைக்கு ஒரு நாளாச்சும் இந்த வண்டிய வண்டியா ஓட்டணும்யா."

எனக்குக் கேட்கவா வேண்டும்! வெள்ளைக்காரர் விட்டுப்போன பெட்டியில் பந்தய பிளக் எட்டு புதுசாகவே இருந்தது. எட்டையும் இடைவெளி பார்த்து மாட்டினேன். பழைய வயர்களில் ரப்பர் வெடித்திருந்தது. மதுரையிலிருந்து புது வயர் வரவழைத்து எட்டையும் மாற்றினேன். கழற்றிய சூடான பிளக்குகளைத் துடைத்துத் தகர டப்பாவில் போட்டு வண்டியில் வைத்துக்கொண்டேன். இதுவரை நான் செய்ததில் ஒரு குற்றம் யாரும் சொல்ல முடியாது. இன்றைக்குச் செய்யச் சொன்னாலும் அப்படியேதான் செய்வேன்.

அதற்கப்புறம் செய்ததுதான் வினை.

நான் வேதக்காரக் குடும்பம், உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவன். ஆயுத பூஜை வந்தால் ஆலையில் எல்லாருக்கும் முன்னால் நான்தான் நிற்பேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வேதக்காரன் அரைகுறையாகச் செய்தான் என்று ஒரு பயல் சொல்லிவிடக் கூடாதே என்கிற வீம்பு. மற்றவர்கள் லாரியின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் பொரிகடலை தின்னப் போய்விட்டார்கள். நான் பானெட்டைத் திறந்தேன். எட்டு பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் சந்தனத்தைக் குழைத்துப் பட்டையாகப் போட்டு, நடுவில் குங்குமம் வைத்தேன். டப்பாவில் கிடந்த பழைய எட்டையும் விடவில்லை. பூஜையில் ஒரு ஆயுதம் பொட்டில்லாமல் கிடக்கலாமா? புது வயர் எட்டையும் ஒன்றாகச் சேர்த்து, நெசவுக்காரச் சிநேகிதன் கொடுத்த சிவப்பு மஞ்சள் நூலால் சடை பின்னுகிற மாதிரி இறுக்கிக் கட்டினேன். முதலாளி வந்து பார்த்து, "மேஸ்திரி, கல்யாணப் பொண்ணு மாதிரில்ல இருக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலையில் என்னையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு பரளச்சிக்கு விட்டார் பாருங்கள், ரோட்டோர ஆடுகள் எல்லாம் அடுத்த காட்டுக்கே போய்விட்டன. எட்டு சிலிண்டரும் ஒரே குரலில் பாடின. சந்தனம் இன்ஜின் சூட்டில் காய்ந்து ஒட்டிக்கொண்டது. காய்ந்த சந்தனம் ஒன்றும் செய்யாது.

கிணற்றடியில் பூஜை முடிந்தது. கிணறு வெட்டுகிறவர்களில் மூத்தவர் சோலை. முதல் கடப்பாரை அவர்தான் போட வேண்டும் என்று இறக்கினார்கள். மேலே அவர் மனைவி மண் சுமக்கக் கூடையோடு நின்றார். அந்த வாரம் பெய்த தூறலில் கிணற்றின் பக்கச் சரிவு இளகியிருந்தது யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது குத்தில் ஒரு பாறை பெயர்ந்து விழுந்து சோலையின் காலை முழங்காலுக்குக் கீழே நசுக்கிவிட்டது.

மேலே தூக்கும்போது ரத்தம் கயிற்றில் வழிந்தது. அவர் மனைவி கத்தவில்லை. சேலையைக் கிழித்துத் தொடையில் சுற்றி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கினார். ரத்தம் நின்றது. "எங்கப்பனுக்கு இப்படித்தான் கட்டுனாக. ஆனா இந்தக் கட்டு ரொம்ப நேரம் இருக்கக் கூடாது மொதலாளி. இருந்தா காலு செத்துப்போகும்" என்றார்.

முதலாளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் கூலிக்காரர்களைத் தன் காருக்குப் பக்கத்தில் கூட நிற்கவிடாத ஆட்கள் எத்தனையோ பேர். இவர் ஒரு வினாடி யோசிக்கவில்லை. "ஏலே, என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீக? தூக்கிப் பின்னாடி சீட்டுல போடுங்கலே!" என்று அதட்டினார். சோலையைக் கிடத்தினோம். மனைவி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மழை வரும் போலிருந்ததால் கையில் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டார்.

பரளச்சியைத் தாண்டியதும் பிடித்தது மழை. நம் கரிசல் ரோடு எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்து நிமிஷ மழைக்குச் சக்கரம் களிமண் உருண்டை ஆகிவிடும். முதலாளியின் கால் முதல் தடவையாகப் பயந்து பயந்து மிதித்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு சிலிண்டர் இருமியது. பிறகு ரெண்டு. ரெட்டியபட்டிக்கு இன்னும் மூன்று மைல் இருக்கும்போது பாதி சிலிண்டர் செத்து, சேற்றை இழுக்க முடியாமல் வண்டி நின்றுவிட்டது. உறுமல் மட்டும் அரைகுறையாக வந்துகொண்டிருந்தது.

"என்ன மேஸ்திரி?" என்றார் முதலாளி.

"ஒன்னுமில்ல மொதலாளி, அஞ்சு நிமிசம். ஓடும்" என்றேன்.

இறங்கினேன். மழையில் நனைந்துகொண்டே யோசித்தேன். மெதுவாக ஊர்ந்து வந்திருக்கிறோம். குளிர்ந்த பிளக். கரி பிடித்துவிட்டது. பாடம் அப்படித்தானே சொல்கிறது? இன்ஜினை அணைக்கச் சொல்லி ஒரு பிளக்கைக் கழற்றினேன். கறுத்து, பெட்ரோலில் நனைந்து வந்தது. பார்த்தாயா, நான் நினைத்ததுதான் என்று எனக்குள் ஒரு சந்தோஷம் கூட வந்தது. அந்த நேரத்தில்! பின்னால் ஒரு மனுஷன் முனகுகிறான். எனக்கு என் கெட்டிக்காரத்தனத்தில் சந்தோஷம். பிளக்கில் நெருப்பு விழாவிட்டால், என்ன காரணத்தினால் விழாவிட்டாலும், அது நனைந்துதான் வரும். அதை அன்றைக்கு நான் நினைக்கவில்லை.

கொதிக்கிற இன்ஜினில் விரல் பொசுங்க எட்டையும் கழற்றி, டப்பாவிலிருந்த சூடான பிளக்குகளைப் போட்டேன். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? எட்டிலும் பொட்டு அழிந்துவிடாமல் பார்த்துப் பார்த்து மாட்டினேன். என் கண்ணுக்கு அது அழகாகத்தான் தெரிந்தது.

முதலாளி ஸ்டார்ட் செய்தார். முன்னைவிட மோசம். மூன்று சிலிண்டர் அடித்தால் அதிகம்.

"ஓடுமாய்யா?"

"ஓடும் மொதலாளி. காத்தும் பெட்ரோலும் கலக்குற எடத்துல தண்ணி போயிருக்கும். கழட்டிப் பாத்துர்றேன்."

கார்புரேட்டரைக் கழற்றினால் இன்னும் அரை மணி. எனக்குத் தெரியும். வாய் மட்டும் 'ஓடும் ஓடும்' என்கிறது. அப்போது எதிரே ஒரு மாட்டு வண்டி வந்தது. வண்டிக்காரர் நிறுத்தி, பின் சீட்டை எட்டிப் பார்த்து, "ஏத்துங்க, கொண்டு போறேன். ஆனா இந்தச் சேத்துல அருப்புக்கோட்டை சேர இருட்டிரும்" என்றார்.

இருட்டினால் கால் போகும். ஒருவேளை உயிரும் போகும். இங்கேயே நின்றாலும் அதேதான். எதில் போவது என்று யார் முடிவு செய்வது? முதலாளி என்னைப் பார்த்தார். நான் இன்ஜினைப் பார்த்தேன். பின் சீட்டிலிருந்து சோலையின் குரல் வந்தது: "மொதலாளி, சீட்டெல்லாம் ரத்தமாப் போச்சு... நான் மாட்டு வண்டியிலயே போறேன்."

அவர் மனைவி, அவர் தலையை மெதுவாகச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கி வந்தார். சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டிருந்தார். நேராக என் முன்னால் நின்றார்.

"அண்ணே, ஒளிக்காமச் சொல்லுங்க. இது ஓடுமா, ஓடாதா?"

அந்த முகத்தைப் பார்த்து என்னால் மறுபடி 'ஓடும்' என்று சொல்ல முடியவில்லை.

"தெரியலை தாயி" என்றேன். "என்ன கோளாறுன்னே எனக்குத் தெரியலை."

முதலாளிக்கு முன்னால் இப்படிச் சொன்னதற்கு என் மானம் போயிருக்க வேண்டும். போகவில்லை. மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அந்த அம்மா திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ வண்டிக்காரரைப் பார்த்து, "செத்த நில்லுங்கய்யா" என்றார். பிறகு என்னிடம், "தெரியலைன்னா ரெண்டு பேருமாப் பாப்போம். மழ உள்ள விழுகுதுல்ல, நான் சாக்கப் புடிக்கிறேன். நீங்க பாருங்க" என்றார்.

தலையிலிருந்த சாக்கைப் பிரித்து, திறந்து கிடந்த பானெட்டுக்கு மேலே, எங்கள் ரெண்டு பேர் தலையையும் மூடுகிற மாதிரிப் பிடித்தார். உள்ளே இருட்டாகிவிட்டது. பட்டப்பகலில் அந்தச் சாக்குக்குள் மட்டும் இருட்டு. இன்ஜின் விட்டு விட்டு இருமிக்கொண்டிருந்தது. நான் கார்புரேட்டர் நட்டைத் தேடித் தடவினேன். அவர் தடவவில்லை, பார்த்தார்.

"அண்ணே, அந்தா, அங்கன என்னமோ நீலமா ஓடுதே. பூரான் மாதிரி. வெள்ளையா நிக்கிதுல்ல அதுமேல. அந்தா, அடுத்ததுலயும் ஓடுது."

பார்த்தேன். பிளக்கின் உச்சியிலிருந்து, என் சந்தனப் பட்டை வழியாக, குங்குமத்தைத் தாண்டி, இரும்புக்கு நீல நெருப்பு இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போய்ப் பெட்ரோலைப் பற்றவைக்க வேண்டிய நெருப்பு. மழைத் தண்ணீரில் சந்தனம் நனைந்து, மின்சாரத்துக்கு வெளியே வழி போட்டுக் கொடுத்திருக்கிறது. என் கையால் நானே போட்ட வழி. நனைந்த நூலால் இறுக்கிக் கட்டிய வயர்களுக்குள்ளும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பொறி தாவியது.

"அய்யோ ஆண்டவரே" என்று கத்திவிட்டேன்.

"என்னண்ணே?"

"கண்டுபுடிச்சிட்டீக தாயி. அணைங்க மொதலாளி! அணைங்க! காஞ்ச துணி வேணும்!"

காய்ந்த துணிக்கு எங்கே போவது? என் வேட்டி, சட்டை, அந்த அம்மாவின் சேலை, எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. முதலாளி மட்டும் வண்டிக்குள் இருந்தார். பூஜைக்கென்று போட்டு வந்த சரிகை அங்கவஸ்திரத்தைத் தோளிலிருந்து உருவி ஜன்னல் வழியாக நீட்டினார். நான் நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். வயர்களை ஒன்றோடு ஒன்று படாமல் பிரித்து விட்டேன். எட்டுப் பீங்கானையும் பெட்ரோல் தொட்டு அந்தச் சரிகைத் துணியால் தேய்த்தேன். அந்த அம்மா சாக்கை அசையாமல் பிடித்துக்கொண்டு, "இன்னும் மஞ்சளா இருக்குண்ணே, அடியில... ஆங், இப்பப் போச்சு" என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னார்.

ஸ்டார்ட் செய்தார். எட்டும் அடித்தன. வண்டிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். எதைக் கும்பிட்டார் என்று தெரியவில்லை.

இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. இப்போது வண்டியில் இருப்பது சூடான பிளக். ரெட்டியபட்டி தாண்டிக் கெட்டி ரோடு வந்ததும் முதலாளி விரட்டுவார். விரட்டினால் பிளக் பழுத்துப் பிஸ்டன் போகும். அப்புறம் மாட்டு வண்டியும் கிடைக்காது. பந்தய பிளக்கைத் துடைத்து மறுபடி மாட்டலாம், ஆனால் அதற்குக் கால் மணி நேரம் வேண்டும். பின் சீட்டைப் பார்த்தேன். கால் மணி நேரம் எங்களிடம் இல்லை.

"மொதலாளி, இந்தப் பிளக்கு வேகம் தாங்காது. பாதிக்கு மேல மிதிக்கக் கூடாது. எம்மேல கோவம் வந்தாலும் மிதிக்கக் கூடாது."

யார் பேச்சையும் கேட்காத மனுஷர் அவர். அதுவும் அரை மணியாகப் பொய் சொன்ன ஒரு மேஸ்திரியின் பேச்சை ஏன் கேட்க வேண்டும்? "சரிய்யா, நீ சொன்னாச் சரி" என்றார். டவுன் வரும்வரை அந்த வெறுங்கால் பாதிக்கு மேல் இறங்கவில்லை. நான் ரோட்டைப் பார்க்கவில்லை, அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். இப்போது நினைத்தாலும் அந்தக் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பார்த்துவிட்டு, எத்தனை நேரமாக இருக்கிறது என்று கேட்டார். சொன்னோம். "இன்னும் கொஞ்சம் போயிருந்தா எடுக்கத்தான் வேணும்" என்று உள்ளே போனார். சோலையின் கால் பிழைத்தது. ஆனால் முன்னைப் போல மடங்கவில்லை. அதற்குப் பிறகு அவரால் கிணற்றில் இறங்க முடியவில்லை. முதலாளி ஆலை வாசலில் காவல் வேலை கொடுத்தார். ரோட்டில் நான் தொலைத்த முக்கால் மணி நேரம் இல்லாவிட்டால் அந்தக் கால் மடங்கியிருக்குமா? டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த அம்மா தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், "வாங்கண்ணே, கண்ணு முழிச்சிட்டாரு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது.

"தாயி, ஒன்னு சொல்லணும். நேத்து அந்தத் தாமசத்துக்கு நான்தான் காரணம். பிளக்கு மேல சந்தனம் வச்சது நான். வைக்கக் கூடாத எடம் அது. தொழில் தெரிஞ்சவன் நான் வச்சிருக்கக் கூடாது."

அவர் என் கைகளையே பார்த்தார். பொசுங்கிய விரல்களைப் பார்த்தார்.

"அடப் பாவி மனுசா! காரு முன்னாடி அம்புட்டு எடம் கெடக்கே, ஒரு பொட்டு வைக்க அங்கன எடம் இல்லாமப் போச்சா ஒங்களுக்கு?"

சொல்லிவிட்டு அழுதார். முந்தின நாள் முழுக்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். நான் நின்றுகொண்டே இருந்தேன். போகவும் தோன்றவில்லை, உட்காரவும் தோன்றவில்லை. பிறகு அவரே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க ஓடும் ஓடும்னு சொன்னீகள்ல, அப்பத்தான் எனக்குக் கொல நடுங்கிருச்சு. பொய்யின்னு மூஞ்சியே சொல்லுதே. தெரியலைன்னு சொன்னீக பாருங்க, அப்பத்தான் போன உசிரு வந்துச்சு. சரி, ஒருத்தரு நெசம் பேசுறாரு, இனி ஏதாச்சும் செய்யலாம்னு தோணுச்சு." மூக்கை உறிஞ்சினார். "இப்பவும் வந்து சொல்லிட்டீக. போங்க, போயி ஒரு காப்பித்தண்ணி வாங்கிட்டு வாங்க. நேத்துலருந்து வயித்துல ஒன்னும் விழுகல."

தம்பிகளா, எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர்கள் நாலைந்து பேர் உண்டு. மதுரையில் அடி வாங்கிக் கற்றேன். லாரிக்குக் கீழே படுத்துக் கற்றேன். அந்தக் காப்பியை வாங்க நடந்தபோது கற்றது வேறு. கோளாறு தெரியாததில் குற்றமில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி மூடி வைத்தேனே, அதனால் பக்கத்தில் இருந்த ஒரு நல்ல கண்ணை அரை மணி நேரம் இன்ஜினுக்குள் பார்க்கவிடாமல் பண்ணிவிட்டேன். சந்தனத்தின்மேல் யாரும் பழி போட வேண்டாம். அது என்ன செய்யும்? வைத்த கை என் கை.

முதலாளியிடமும் போய்ச் சொன்னேன். வேலை போய்விடும் என்று நினைத்து, பையைக் கூடக் கட்டி வைத்திருந்தேன். அவர் கணக்குப்பிள்ளையிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே, "அது அன்னைக்கே தெரியும்யா. நீ வச்ச பொட்டு பூராம் என் அங்கவஸ்திரத்துலல்ல இருக்கு" என்றார். கொஞ்சம் கழித்து, "அடுத்த வருசம் பூசைக்கு அந்தத் தாயியக் கூப்புடு. அவுக வைக்கட்டும் பொட்டு" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்த வருஷம் அவர் வந்து, கார் பானெட்டில் பொட்டு வைத்துவிட்டு, என்னைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தார். "இல்லண்ணே, சுத்தமா இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். கார் கைமாறியது. முதலாளி காலமானார். நான் இந்த ஷெட்டைப் போட்டேன். அவர் வருவது நிற்கவில்லை. சோலை இருந்தவரை காலைச் சாய்த்துச் சாய்த்துக் கூடவே வருவார், வாசலில் நின்று, "பாத்து முடிச்சாச்சா எங்க இன்ஸ்பெக்டரு?" என்று கேலி செய்வார். அதனால்தான் நீங்கள் அதே வார்த்தையைச் சொன்னபோது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அதைச் சொல்ல ஒருத்தருக்குத்தான் பாத்தியதை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்த அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. சோலை சம்சாரம் என்பார்கள். நான் தாயி என்பேன். இத்தனை வருஷத்தில் கேட்டிருக்கலாம். இப்போது கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

போன பூஜையில் அவர் இன்ஜினுக்குள் தலையை விட்டபோது நீங்கள் தூரத்தில் நின்றீர்கள். அவர் என்னிடம் சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்காது. ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, கண்ணுல பொற விழுந்துருச்சு. வெரலும் மரத்துப்போச்சு, ஒன்னும் தெரிய மாட்டேங்குது. நீங்க பாத்துச் சொல்லுங்க. ஒளிக்காமச் சொல்லணும்."

நான் குனிந்து பார்த்தேன். மூன்றாவது பிளக்கில், பீங்கான்மேல், சட்டைப் பித்தான் அளவுக்குச் சந்தனம். நடுவில் குங்குமம்.

நல்ல நாளில் அவரை ஏன் வருத்த வேண்டும் என்று ஒரு வினாடி தோன்றியது. 'சுத்தமா இருக்கு தாயி' என்று வாய் வரை வந்துவிட்டது.

"இருக்கு தாயி" என்றேன். "மூணாவதுல."

"அடக் கூறுகெட்டவய்ங்களா, இன்னுமா?" என்று சிரித்தார். சேலை முந்தானையை என் பக்கம் நீட்டினார். நான் அதால் அந்தப் பொட்டைத் துடைத்தேன்.

அதை வைத்தது உங்களில் ஒருவர். யார் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கப்போவதில்லை. நான் கேட்கக்கூடிய ஆளா? இந்த வருஷமும் அவர் வருவார். என் முதுகு இனிக் குனியாது. பானெட்டைத் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். இருந்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள். திட்டுவார். திட்டிவிட்டு முந்தானையை நீட்டுவார்.